நெய்வேலிக்கு இன்னும் எத்தனை வருஷம்? பையனை மைனிங் டிப்ளமோ சேர்க்கலாமா?

மந்தாரக்குப்பம்_கடை | சனி, இரவு 9:40

வணக்கம். மந்தாரக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. மாதத்தின் முதல் வாரம் கல்லாவைப் பார்த்தாலே நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் சம்பளம் போட்டாச்சா இல்லையா என்று சொல்லிவிடலாம். எங்களுக்கு வயலும் கிடையாது, சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. கம்பெனியில் வேலையும் கிடையாது. ஆனால் சுரங்கத்தை நம்பித்தான் மூன்று தலைமுறையாகச் சாப்பிடுகிறோம்.

பையன் பத்தாவது முடித்திருக்கிறான். பாலிடெக்னிக் சேர்க்க வேண்டும். அவனுக்கு மைனிங் மேல் ஆசை. சின்ன வயதில் பார்வையாளர் மேடையிலிருந்து பக்கெட் வீல் மெஷினை (சக்கரத்தில் வாளிகள் வைத்து மண்ணை வெட்டும் ராட்சத இயந்திரம்) காட்டியதிலிருந்து வந்த ஆசை. வீட்டில் இரண்டு கட்சி. "பூமிக்குள்ள கரி இருக்கிற வரைக்கும் வேலை இருக்கும்" என்கிறார் அம்மா. "பத்து வருஷத்துல இழுத்து மூடிருவாங்க, புள்ளைய அதுல தள்ளாதீங்க" என்கிறார் மச்சான். இதில் எது உண்மை என்று உள்ளே வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் சண்டை வேண்டாம், விவரம் வேண்டும்.

பழைய_ஃபோர்மேன் | சனி, இரவு 10:25

தம்பி, இரண்டாம் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கரி தீரப்போவதில்லை. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறத்தாழ எண்பது சதவீதம் தமிழ்நாட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. அதில் பெரும்பங்கு மன்னார்குடிப் படுகை. நெய்வேலியில் இருப்பது அதற்கு அடுத்ததுதான். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது 1930களில் கண்ணில் பட்டது. 1956-ல் கம்பெனி, 1957-ல் வெட்டும் வேலை, 1961-ல் கரி, 1962-ல் மின்சாரம். இன்றைக்கு மூன்று சுரங்கங்களின் கொள்ளளவைக் கூட்டினால் ஆண்டுக்கு 2.85 கோடி டன். முதல் சுரங்கம் 1.05 கோடி, 1ஏ 30 லட்சம், இரண்டாவது 1.5 கோடி.

தட்டுப்பாடு நிலத்துக்குத்தான். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் சுரங்கம் என்றால் ஒரு குழி, அது ஆழமாகிக்கொண்டே போகும் என்று நினைக்கிறார்கள். நம்ம சுரங்கம் நடக்கும் சுரங்கம். முன்னால் ஐம்பது முதல் நூறு மீட்டர் வரை மேல்மண்ணை வெட்ட வேண்டும். ஒரு டன் கரிக்கு ஐந்து, ஆறு கன மீட்டர் மண். அது கன்வேயரில் சுற்றிப் பின்னால் போய், கரி எடுத்து முடித்த பள்ளத்தில் ஸ்பிரெடர் (மண்ணைப் பரப்பும் மெஷின்) வழியாகக் கொட்டும். பெஞ்ச், அதாவது படிபோல வெட்டிய முகப்பு, முன்னே நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முன்னால் ஊரும் வயலும் நின்றால் மெஷின் நிற்கும்.

இன்னொன்று. இந்தக் கரியில் பாதி ஈரம். காற்றுப்பட்டுக் குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளும். ரயிலில் ஏற்றித் தூரத்துக்கு அனுப்ப முடியாது. வெட்டிய இடத்திலேயே எரிக்க வேண்டும். அதனால் சுரங்கம் நின்றால் அனல்மின் நிலையம் நிற்கும், அனல்மின் நிலையம் வாங்காவிட்டால் சுரங்கம் நிற்கும். ஒன்றை மட்டும் காப்பாற்ற வழி கிடையாது.

சேத்தியாத்தோப்பு_வயல் | சனி, இரவு 11:10

> பழைய_ஃபோர்மேன் எழுதியது: முன்னால் ஊரும் வயலும் நின்றால் மெஷின் நிற்கும்.

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் இந்த வரியை அந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். மெஷின் நடந்தால் நாங்கள் நகர வேண்டும்.

2023 ஜூலை 26 யாருக்கும் மறந்திருக்காது. பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயில் மிச்சமிருந்த ஒன்றரை கிலோமீட்டருக்காக வளையமாதேவியில் கதிர் வரும் பயிரில் பொக்லைன் இறங்கியது. நிலம் சட்டப்படி வருஷங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டதுதான், பணம் கொடுத்ததுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அறுவடை வரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. நட்ட பயிர் நசுங்கியதைப் பார்த்த ஊர் அதற்கப்புறம் எந்தப் பேச்சுவார்த்தைக்கு நம்பி வரும்? கம்பெனியின் எதிர்காலத்துக்கு அன்றைக்கு விழுந்த அடி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது ஏக்கருக்கு 25 லட்சம் என்கிறார்கள். முன்பு கொடுத்ததோடு ஒப்பிட்டால் பெரிய தொகை. எங்கள் அத்தை வீட்டுக்கும் பல வருஷத்துக்கு முன் பணம் வந்தது. ஒரு வீடு கட்டினார்கள், இரண்டு கல்யாணம் நடத்தினார்கள். நிலம் இருந்த காலத்தில் அந்த வீட்டில் அரிசி விலைக்கு வாங்கியதே இல்லை. இப்போது ரேஷன் கடைக் கியூவில் அத்தை நிற்கிறார். பணம் ஒருமுறை வரும், நெல் வருஷம் இரண்டு முறை வரும்.

அண்ணே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெல்டாப் பக்கம் போக வழி அடைபட்டுவிட்டது. 2023 மார்ச்சில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு என்று மூன்று பழுப்பு நிலக்கரி பிளாக்குகளை மத்திய அரசு ஏலப் பட்டியலில் வைத்தது. டெல்டா முழுக்க எதிர்ப்பு. பத்தே நாளில் மூன்றையும் எடுத்துவிட்டார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த திட்டங்களை அது தொடாது, ஆனால் புதிதாக ஒன்று தொடங்குவது லேசில்லை. ஜெயங்கொண்டத்தில் 1990களில் ஆயிரக்கணக்கான ஏக்கரைக் கையகப்படுத்திவிட்டு, கால் நூற்றாண்டு கழித்துத் திட்டத்தையே கைவிட்டார்கள். அந்த இருபத்தைந்து வருஷம் அந்த மக்கள் தங்கள் நிலத்தை விற்கவும் முடியாமல், கிணறு வெட்டவும் மனம் வராமல் கிடந்தார்கள்.

லோட்_டிஸ்பாட்ச் | ஞாயிறு, காலை 7:15

மின்துறையில் இருக்கிறேன், சென்னை. இரண்டு பேருமே நிலத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். வாங்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் காற்றாலை பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரிய மின்சாரமும் அந்த அளவுக்கு வளர்ந்துவிட்டது. பகல் பதினோரு மணிக்கு வெயில் கொளுத்தும்போது அனல் நிலையங்களைக் குறைத்து ஓட்டச் சொல்கிறோம். மாலை ஆறரைக்கு வெயில் போனதும் எல்லா அனல் நிலையங்களும் உற்பத்தியை ஏற்ற வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிப்படி அனல் நிலையங்கள் 55 சதவீதம் வரை இறங்கி ஓடப் பழக வேண்டும், பிறகு 40 வரை. சீராக எரிவதற்காகக் கட்டிய கொதிகலனைத் தினமும் ஏற்றி இறக்கினால் குழாய்கள் தேயும். ஈரக் கரியை எரிக்கும் கொதிகலனுக்கு இது இன்னும் கஷ்டம்.

அதற்காக நாளைக்கே மூடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். இரவில் மின்சாரம் வேண்டும். கோடையில் இரவுத் தேவை ஏறிக்கொண்டேதான் போகிறது. சுரங்க வாயிலிலேயே எரிப்பதால் ஒடிசாவிலிருந்து ரயிலும் கப்பலுமாக வரும் நிலக்கரிக்கு ஆகும் கூலி இதற்கு இல்லை. பேட்டரிச் சேமிப்பு மலிவாகும் வேகத்தைப் பொறுத்துத்தான் மீதி. என் கணிப்பு: இருபது வருஷம் ஓடும். ஆனால் இன்றைக்கு ஓடுகிற மாதிரி ஓடாது.

வேலை விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 1962-ல் தொடங்கி 2020 செப்டம்பரில் மூடிய பழைய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட். அதற்கு ஒன்பது யூனிட். அதற்குப் பதிலாக வந்த புதிய நிலையம் 1,000 மெகாவாட். அதற்கு இரண்டே யூனிட். மின்சாரம் கூடியது, கன்ட்ரோல் ரூம்கள் குறைந்தன. வேலைகள் எங்கே போயின என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

கான்ட்ராக்ட்_பி_ஷிப்ட் | ஞாயிறு, மதியம் 3:30

நைட் முடிஞ்சு தூங்கி எழுந்து இப்பதான் படிச்சேன். கன்வேயர்ல வேலை. பதினோரு வருஷம் ஆச்சு.

அண்ணே, பையன மைனிங் சேத்தா நிரந்தர வேலை கிடைக்கும்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. ஒரு காலத்துல பர்மனென்ட் இருபதாயிரம் பேருக்குப் பக்கத்துல இருந்தாங்க. இன்னைக்கு அதுல பாதி. ரிட்டயர் ஆகுறவங்க எடத்துக்கு எங்கள மாதிரி கான்ட்ராக்ட் ஆளுங்கதான். அதே பெல்ட், அதே தூசி, அதே ஷிப்ட். சம்பளம் மட்டும் வேற. 2020-ல மே மாசம் ஒன்னு, ஜூலை மாசம் ஒன்னுன்னு ரெண்டாம் அனல்மின் நிலையத்துல பாய்லர் வெடிச்சுச்சு. செத்தவங்கள்ல கான்ட்ராக்ட் தொழிலாளிங்களும் இருந்தாங்க. அந்த ஜூலை காலையில டவுன்ஷிப் ஆஸ்பத்திரி வாசல்ல நின்ன பொம்பளைங்க மொகம் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

நான் மொதல்ல வேலை பாத்த ஒரு கான்ட்ராக்டர், பேர் வேணாம், ரெண்டு வருஷ பி.எஃப். பணத்தக் கட்டவே இல்ல. அவரு போயிட்டாரு, வேற ஆளு வந்தாரு, நாங்க அங்கேயே இருந்தோம். வேலை நெலையா இருக்கும், வேலை குடுக்குறவன் மாறிக்கிட்டே இருப்பான். இத நம்பி கல்யாணம் பண்ணி, கொழந்தைங்கள இங்கிலீஷ் மீடியம் சேத்திருக்கோம்.

சுரங்கம் வேணும்னு சொல்றவங்களும் வேணாம்னு சொல்றவங்களும் எங்கள ஒரு வார்த்தை கேக்கறதில்ல. நிலம் எடுக்கக் கூடாதுன்னு போராட்டம் நடந்தப்ப எங்க சொந்தக்காரங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பொங்கலுக்கு ஒரே வீட்டுலதான் சாப்புடுறோம்.

சேத்தியாத்தோப்பு_வயல் | ஞாயிறு, மாலை 5:05

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் ஊரிலும் நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் கான்ட்ராக்டில் போகிறார்கள். நாம் இரண்டு கட்சி இல்லை என்பது எனக்கும் தெரியும்.

பழைய_ஃபோர்மேன் | ஞாயிறு, இரவு 8:50

பி ஷிப்ட் தம்பி சொன்னது அத்தனையும் சரி.

யாரும் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்கு முதல் பயம் அதுதான். கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நிற்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ வரை மேல்நோக்கித் தள்ளும். பம்ப் பண்ணி அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் கரியைத் திறந்தால் சுரங்கத் தரையே பிய்த்துக்கொண்டு வரும். 1961-லிருந்து அந்த பம்புகள் நிற்கவே இல்லை. ஒரு டன் கரிக்குப் பத்து டன்னுக்கு மேல் தண்ணீர். கரியை விடத் தண்ணீரைத்தான் அதிகம் எடுத்தோம் என்று நாங்கள் ஷிப்டில் சொல்லிக்கொள்வோம்.

அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயலுக்குப் பாய்கிறது. சென்னைக்கும் குடிக்கப் போயிருக்கிறது. அதே நேரம் சுற்றுவட்டாரத்தில் ஆர்டீசியன் ஊற்று தானாகப் பொங்கிய காலத்தை என் அப்பா பார்த்திருக்கிறார். நான் பார்த்ததில்லை.

கடைசிக் கரி எடுத்த மறுநாள் அந்த பம்புகளை யார் ஓட்டுவார்கள்? நிறுத்தினால் தண்ணீர் எங்கே ஏறி நிற்கும்? அந்த ஏரிகளுக்கு யார் தண்ணீர் விடுவார்கள்? முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கூட்டத்தில்கூட ஊர்க்காரர்கள் முன்னால் இதைப் பேசி நான் கேட்டதில்லை.

கோட்புஸ்_தமிழ் | திங்கள், அதிகாலை 1:20

ஜெர்மனியில் கோட்புஸ் நகரத்தில் இருக்கிறேன். ஊர் பண்ருட்டிப் பக்கம். ஃபோர்மேன் ஐயா கேட்ட கேள்விக்கு இங்கே கண்முன்னால் பதில் இருப்பதால் எழுதுகிறேன்.

இந்த லௌசிட்ஸ் பகுதியும் நெய்வேலிதான். அதே பழுப்பு நிலக்கரி, அதே கன்வேயர், நம்ம ஊர் பக்கெட் வீல் மெஷின்களின் தாய்வீடு ஜெர்மனிதான். கிழக்கு ஜெர்மனி இருந்தவரை இங்கே எழுபதாயிரம் பேருக்கு மேல் கரித்தொழிலில் இருந்தார்கள். 1990-ல் நாடு ஒன்றானதும் திட்டம் எதுவும் இல்லாமல் சில வருஷங்களில் பெரும்பகுதி வேலை போய்விட்டது. இளைஞர்கள் மேற்கே போனார்கள். குடியிருப்பு பிளாக்குகளை ஆளில்லாமல் இடித்தார்கள். அந்தக் கோபம் இன்றைக்கும் இங்கே தேர்தலில் தெரிகிறது.

பட்ட பிறகு இரண்டாவது முறை கொஞ்சம் கவனமாகச் செய்கிறார்கள். 2020-ல் சட்டம் போட்டு, 2038-க்குள் நிலக்கரியை நிறுத்துவது, அதற்குள் கரிப் பகுதிகளுக்கெல்லாம் சேர்த்து 4,000 கோடி யூரோ வரை ஒதுக்குவது என்று எழுத்தில் வைத்தார்கள். கோட்புஸில் ரயில் பராமரிப்புப் பட்டறை, மருத்துவப் பல்கலைக்கழகம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. குறை இல்லாமல் இல்லை. கரி வேலையில் ஐம்பது வயதானவர் டாக்டராக முடியாது. ஆனால் தேதி தெரிகிறது. தேதி தெரிந்தால் வீட்டுக்கடன் வாங்கலாமா, பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க முடிகிறது.

தண்ணீர்: ஊரை ஒட்டிய பழைய சுரங்கத்தை ஏரியாக்குகிறார்கள். 19 சதுர கிலோமீட்டர். 2019 ஏப்ரலில் ஸ்பிரே ஆற்றிலிருந்து தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். மழை குறைந்த வருஷங்களில் ஆற்றுக்கே தண்ணீர் போதாமல் நிறுத்த வேண்டி வந்தது. பம்பை நிறுத்திய பழைய சுரங்கங்களில் நிலத்தடி நீர் திரும்ப ஏறும்போது, புரட்டிப்போட்ட மண்ணில் இருக்கும் இரும்பையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. சில இடங்களில் ஸ்பிரே ஆறே செங்காவி நிறமாக ஓடுகிறது. பெர்லினுக்குக் குடிநீர் தரும் ஆறு அது. சுரங்கம் மூடி முப்பது வருஷம் கழித்தும் அதைச் சுத்தப்படுத்த அரசுப்பணம் போய்க்கொண்டே இருக்கிறது. நம்ம மண் வேறு, கடலூர் மணற்கல். அதே மாதிரி ஆகும் என்று நான் சொல்லவில்லை. இப்போதே அளந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

லோட்_டிஸ்பாட்ச் | திங்கள், காலை 8:00

இந்தியாவிலும் மூடல் திட்டம் காகிதத்தில் உண்டு. நிலக்கரி அமைச்சக வழிகாட்டுதல்படி ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் எழுதி, பரப்பளவைப் பொறுத்து ஆண்டுதோறும் தனி வங்கிக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணம் பெரும்பாலும் மண் சரிவைச் சரிசெய்ய, மரம் நட, கட்டடங்களை அகற்ற. மந்தாரக்குப்பம் ஹார்டுவேர் கடைக்கோ, பி ஷிப்ட் தம்பியின் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கோ அதில் தனி ஒதுக்கீடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பழைய_ஃபோர்மேன் | திங்கள், காலை 10:40

கம்பெனியும் சும்மா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். மேல்மண்ணிலிருந்து எம்-சாண்ட் எடுக்கிறார்கள். பழுப்பு நிலக்கரியிலிருந்து மெத்தனால் எடுக்கவும் திட்டம் போட்டார்கள். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 660 மெகாவாட் யூனிட் இரண்டு வைக்கவும் யோசனை. சோலாரில் ஆயிரம் மெகாவாட்டை எப்போதோ தாண்டியாயிற்று. ஒடிசா தலாபிராவில் இரண்டு கோடி டன் சுரங்கம், உத்தரப் பிரதேசம் காட்டம்பூரில் 1,980 மெகாவாட் நிலையம். 2016-ல் பெயரையே என்.எல்.சி. இந்தியா என்று மாற்றியதற்கு அர்த்தம் இருக்கிறது.

சேத்தியாத்தோப்பு_வயல் | திங்கள், மதியம் 12:15

ஐயா, நீங்கள் பெருமையாகச் சொன்ன பட்டியலைத்தான் நான் கவலையோடு படிக்கிறேன். அந்த சோலார் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலிப் பக்கம். புதுச் சுரங்கம் ஒடிசாவில், புது அனல் நிலையம் வடக்கே. கம்பெனியின் எதிர்காலம் நன்றாகத்தான் இருக்கும். பங்கு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் கம்பெனி பிழைப்பது வேறு, நெய்வேலி பிழைப்பது வேறு. 2013-ல் மத்திய அரசு பங்கை விற்கப் போனபோது தமிழ்நாடு அரசு நிறுவனங்களே 3.56 சதவீதம் வாங்கித் தடுத்தன. கம்பெனி கைமாறக் கூடாது என்பதில் இந்த மாநிலம் காட்டிய அக்கறையில் பாதியாவது, சுரங்கம் நின்ற பிறகு இந்த ஊர்கள் என்ன செய்யும் என்பதில் காட்ட வேண்டும்.

நான் கேட்பது சுரங்கத்தை நாளைக்கே மூடு என்றில்லை. இதற்கு மேல் எந்த ஊரையும் தொடமாட்டோம் என்று வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்குள் இன்னும் எத்தனை வருஷக் கரி இருக்கிறது என்று சொல்லுங்கள். தேதி தானாக வந்துவிடும்.

பழைய_ஃபோர்மேன் | திங்கள், மதியம் 1:05

சேத்தியாத்தோப்பு அம்மா, ஏழு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் இதைச் சொல்லியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பேன். இன்றைக்கு வரமாட்டேன். ஆனால் அந்தக் கோட்டை ஆபீசில் உட்கார்ந்து போடக் கூடாது. பம்ப் ஓட்டுகிறவனும் நடவு நடுகிறவர்களும் ஒரே மேஜையில் இருக்க வேண்டும்.

கான்ட்ராக்ட்_பி_ஷிப்ட் | திங்கள், மாலை 4:20

அந்த மேஜையில எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க.

பதினோரு வருஷமா நான் பாத்த வேலைக்குக் காட்ட ஒரு காயிதம் இல்ல. பெல்ட் ஜாயின்ட் போடுவேன், ரோலர் மாத்துவேன், வெல்டிங் தெரியும். நாளைக்கு வேற எங்கயாவது போய்க் கேட்டா என்ன சான்றிதழ்னு கேப்பாங்க. மூட இன்னும் இருபது வருஷம் இருக்குன்னா, இப்பவே ஷிப்டுல இருக்கும்போதே எங்க வேலைக்கு அரசு சான்றிதழ் குடுக்கட்டும்.

பழைய_ஃபோர்மேன் | திங்கள், மாலை 5:00

கடைக்காரத் தம்பி, உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இன்னும் யாரும் சொல்லவில்லை. மைனிங் டிப்ளமோ கெட்ட படிப்பு இல்லை. தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் தரும் ஓவர்மேன், சர்தார் (சுரங்க மேற்பார்வையாளர்) சான்றிதழ் வாங்கினால் வேலை உண்டு. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் ஒடிசாவிலும் ராஜஸ்தானிலும் ஜார்க்கண்டிலும்தான். பிள்ளை வெளியூர் போகத் தயார் என்றால் சேருங்கள். நெய்வேலியிலேயே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மைனிங் சேர்ப்பதில் அர்த்தம் இல்லை. எலக்ட்ரிக்கல் படித்தால் கன்வேயருக்கும் ஆகும், சப்-ஸ்டேஷனுக்கும் ஆகும், சோலாருக்கும் ஆகும். பம்ப் ஹவுஸுக்கும் ஆகும். கரி நின்ற பிறகும் ஓட வேண்டியது அந்த பம்ப்தான்.

மந்தாரக்குப்பம்_கடை | செவ்வாய், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. முழு இழையையும் பையனிடம் படித்துக் காட்டினேன். கோட்புஸ் நண்பர் எழுதிய செங்காவி ஆற்றைப் பற்றிப் படித்ததும், "நம்ம பரவனாறும் அப்படி ஆகுமாப்பா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. எலக்ட்ரிக்கலுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டோம். அம்மாவுக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை.

ஃபோர்மேன் ஐயா, ஒரு உதவி. ஞாயிற்றுக்கிழமை அவனை உங்களிடம் அழைத்து வரலாமா? அந்த பம்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று உங்கள் வாயாலேயே கேட்க வேண்டுமாம்.

பழைய_ஃபோர்மேன் | செவ்வாய், இரவு 9:50

காலை ஒன்பது மணிக்கு வாங்க. வீட்டில் சுரங்கத்தின் பழைய குறுக்குவெட்டுப் படம் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து வரச் சொல்லுங்கள்.